அந்த 3 கிலோமீட்டர் எந்த ரோட்டில்?

"தம்பி, இந்த மூணு கிலோமீட்டர் எந்த ரோட்டுலங்க?" என்று வேன் ஓட்டுநர் கேட்டார். "அது சுமாரா காட்டுதுங்கண்ணா" என்றேன். இரண்டு வருடம் ஆகப்போகிறது, அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

ஏற்காடு மலைப்பாதையில் 12வது கொண்டை ஊசி வளைவு தாண்டி டயர் பஞ்சர், ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. நாங்கள் உருவாக்கிய செயலியின் 'அருகில் உள்ளவை' திரையைச் சோதிக்கத்தான் மலையேறியதே என்பதால் போனை ஆசையாக அவரிடம் நீட்டினேன். முதல் வரியில் ஒரு பஞ்சர் கடை, 3 கி.மீ.

அது நேர்கோட்டுத் தூரம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர், நேர்கோட்டில் ஏறக்குறைய அதில் பாதிதான், இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சாலைத் தூரம் காட்ட ஒவ்வொரு கடைக்கும் சர்வரைக் கேட்க வேண்டும், அதற்குக் காசு ஆகும், வளைவுகளில் சிக்னலும் வந்து வந்து போகும். நேர்கோடு என்றால் அட்சரேகை தீர்க்கரேகையை வைத்துப் போனே கணக்குப் போட்டுவிடும். அந்த முடிவு தப்பு என்று இன்றும் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஒன்றுமே வராத திரைக்கு ஏதோ ஒரு எண் தேவலை.

தேவலையா? அடுத்து அவர் கேட்டது: "சரி, மேல போகணுமா கீழ போகணுமா, அதைச் சொல்லுங்க." அது திரையில் எங்குமே இல்லை. வரைபடத்தைத் திறந்தால் நீலப் புள்ளியைச் சுற்றி, 'இதற்குள் எங்கோ இருக்கிறீர்கள்' என்று சொல்லும் வெளிர் வட்டத்துக்குள் இரண்டு வளைவுகள் அடங்கியிருந்தன. அவர் தன் பட்டன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். "பன்னெண்டு தாண்டி, பதிமூணுக்கு முன்னாடி நிக்கிறேன்பா, ஏறி வா." அவ்வளவுதான், ஆள் வந்துவிட்டார்.

அப்புறம் எண்ணுக்குக் கீழே 'நேர்கோட்டில்' என்று சாம்பல் நிறத்தில் சேர்த்தோம், இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கியது நான்தான். மேலே, கீழே என்று அம்புக்குறி போடலாம் என்று எழுதிவைத்து, போன் ஜிபிஎஸ் சொல்லும் உயரத்தை நம்ப முடியாது என்று நானே அடித்தேன். வளைவு எண்களையாவது சேர்த்திருக்கலாம், இருப்பதே 20, ஒரு மதியம் போதும். 'மற்ற ஊர்களுக்கு அது பொருந்தாது' என்று மீட்டிங்கில் சொன்னேன். நியாயமான காரணம்தான். ஆனால் அன்றைக்கு நாங்கள் நின்றது மற்ற ஊரில் இல்லையே.

போன மாதம் அதே வளைவில் வண்டியை ஓரங்கட்டிப் போனைத் திறந்தேன். பகல் வெயிலில் 3 தெளிவாகத் தெரிந்தது, 'நேர்கோட்டில்' தெரியவில்லை.