பன்றி ரூபாயில் யானையைத் தேடினேன்

மூன்று மாதமாக மேசை இழுப்பறையில் கிடந்த 1911 வெள்ளி ரூபாயை, காசு சேர்ப்பவர்கள் 'பன்றி ரூபாய்' என்பதை, நேற்றுதான் ஆல்பத்தில் ஏற்றினேன். அசல் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். நிம்மதி வந்ததா என்றால், முக்கால்வாசி வந்தது.

காசு கிடைத்தது திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய சந்தில் ஒரு பட்டறையில். உருக்குவதற்காகக் குவித்திருந்த கொலுசு, அரைஞாண், சங்கு நடுவே ஐந்தாறு பழைய ரூபாய்கள். "அண்ணாச்சி, அடுப்பில் போடும் முன் ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். "பாருங்கள், எடுத்தால் எடைக்கு மேல் கொஞ்சம் கொடுங்கள்" என்றார். வெள்ளி விலை ஏறிய பிறகு ராஜா தலையும் அவருக்குக் கிராம் கணக்குதான். மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு, புளி போட்டுத் தேய்த்த வெளுப்பு. தரம் சொல்வதென்றால் 'குட்'. காசு சேர்க்கும் இந்தப் பொழுதுபோக்கில் மட்டும்தான் 'குட்' என்றால் ஏறக்குறைய கடைசிப் படி.

1911-இல் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சேர்த்துச் சுமார் 94 லட்சம் அடித்தார்கள். ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் இருக்கும் யானை பன்றி போல் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியதும், வெளியே போன சுமார் 7 லட்சம் தவிர மிச்சத்தை உருக்கிவிட்டார்கள். 1912 முதல் தும்பிக்கையும் கால்களும் எடுப்பாகத் தெரியும் புதிய யானை. ஆகவே 1911 அரிது; வருடம் படிக்க முடிந்தால் போதும், தேய்ந்ததையே மலிவாக வாங்கலாம் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் ஓட்டை. 1914, 1917 காசுகளின் கடைசி எண்ணைச் செதுக்கி 1 ஆக்கும் கைவேலைக்காரர்கள் உண்டு. காசு அசல், வெள்ளி அசல், எண் மட்டும் பொய். அதைக் காட்டிக்கொடுப்பது யானைதான். 1911 என்று போட்டுப் புது யானை இருந்தால் பொய் அம்பலம். என் காசிலோ யானை இருந்த இடம் வழுக்கைத் தலை. மலிவாகக் கிடைக்கக் காரணமான தேய்மானம் சாட்சியையும் சேர்த்து அழித்திருக்கிறது!

இது உறைக்கும் முன் இரண்டு வாரம் தராசோடு மல்லுக்கட்டினேன். 11.66 கிராம் இருக்க வேண்டியது 11.38 இருந்தது, தேய்மானத்துக்குச் சரி. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்தேன், 10.3 வந்தது. 91.7 சதவீத வெள்ளிக்கு அதுவும் சரி. 1917-ஐத் தொங்கவிட்டாலும் அதேதான் வரும் என்பது பிறகுதான் புத்திக்கு எட்டியது.

உருப்படியான யோசனை ஒன்று பிறகு வந்தது. நல்ல காசோடு ஒப்பிட்டுப் பயனில்லை, இதே அளவு தேய்ந்த 1917-தான் வேண்டும். அதே பட்டறையில் கிடைத்தது. நான் கேட்டு வாங்கிய மிக மட்டமான காசு அதுவாகத்தான் இருக்கும். இரண்டின் மேலும் மிட்டாய் சுற்றிய ஜிகினாத் தாளைப் பரப்பி, பென்சில் ரப்பரால் வட்டமாக, மெதுவாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் கிழியும், பயந்தால் ஒன்றும் பதியாது. பதினோரு தாள் வீணானது. "யானை தெரிந்ததா, பன்றி தெரிந்ததா?" என்று வீட்டில் தினமும் விசாரணை வேறு.

பன்னிரண்டாவது தாளை இருட்டறையில் வைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்தபோது தெரிந்தது. அவ்வளவு தேய்ந்த 1917-இலும் தும்பிக்கைக்கும் முன்காலுக்கும் இடையே ஊசிமுனைக் குழி ஒன்று மிஞ்சியிருக்கிறது. என் காசில் குழி இல்லை, வயிறு தரையை ஒட்டிய ஒரு கட்டிதான். பத்து மடங்கு லென்ஸில் கடைசி 1 முந்தைய 1-களைப் போலவே நேராக நிற்கிறது, சுற்றிலும் சுரண்டிய பள்ளம் இல்லை. குழியும் தேய்ந்தே போயிருக்கலாமே என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கால்வாசிதான் பாக்கி.

பட்டறை அண்ணாச்சியிடம், ரூபாய் வந்தால் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் உருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். அடுத்து செங்கோட்டைப் பக்கம் போக ஆசை. 1956 வரை அது மலையாளத்துச் சீமையோடு இருந்த ஊர். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் அரை ரூபாய், திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 கணக்கில் ஓடிய சக்கரம் என்ற குட்டி வெள்ளிக் காசு எல்லாம் பழைய வீட்டுப் பெட்டிகளில் இருக்கக்கூடும். மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டோடு 825 கூட்டி ஆங்கில ஆண்டைப் பார்க்க இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன். சக்கரம் மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரியது, அதற்கு ஆல்பத்தில் அறையே கிடையாது.

அதற்கு முன் 1911-இன் பின்பக்கத்தை முடிக்க வேண்டும். கீழே தாமரையருகே புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. என் காசில் புள்ளி இல்லை. இல்லாததா, தேய்ந்ததா? ஜிகினாத் தாள் இன்னும் நாலு மிச்சம் இருக்கிறது.