கைதட்டிப் பறக்கும் சிறகுகள்

சிறகடிக்கும் விமானம் செய்ய உட்காருபவர்களில் பாதிப் பேர் முதலில் தட்டானின் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு, சிறகு நரம்புகளை அப்படியே வரையத் தொடங்குவார்கள். வீண் வேலை. பூச்சியின் உருவத்தைவிட, காற்றை வைத்து அது செய்யும் வித்தைதான் நமக்கு உதவும். அந்த வித்தைகளில் ஒன்று வீட்டு மேசையில் செய்துபார்க்கும் அளவுக்கு எளியது.

என்கார்சியா ஃபார்மோசா என்ற மிகச் சிறிய குளவியிடம் அதைக் கண்டு 1973-இல் விளக்கியவர் டோர்கல் வைஸ்-ஃபோக் என்ற விலங்கியலாளர். (தென்னையில் சுருள் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த நம் தோப்புகளில் விடுகிறார்களே என்கார்சியா, அதன் பங்காளி இது.) சிறகுகளை முதுகுக்கு மேல் கைதட்டுவதுபோல் ஒட்டவைத்து, முன்விளிம்பிலிருந்து பிரிக்கிறது. விரியும் இடைவெளிக்குள் காற்று பாய்ந்து, சிறகுகளைச் சுற்றித் தூக்குவிசை தரும் காற்றுச் சுழற்சி உடனே உருவாகிவிடுகிறது. ஒற்றைச் சிறகு என்றால் முழுத் தூக்குவிசை பிறக்கக் கொஞ்ச தூரம் நகர்ந்தாக வேண்டும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான டெல்ஃப்ளை என்ற சிறகடிக்கும் விமானம் இதையே நான்கு சிறகுகளால் செய்கிறது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிறகுகள் சேர்ந்து சேர்ந்து பிரியும். 2018-இல் வெளியான டெல்ஃப்ளை நிம்பிளுக்கு எடை 29 கிராம், சிறகு விரிப்பு 33 செ.மீ., நொடிக்கு 17 சிறகடிப்பு. ஹார்வர்டின் ரோபோபீ என்ற பூச்சி ரோபோவின் எடை வெறும் 80 மில்லிகிராம், நொடிக்கு 120 சிறகடிப்பு. பிரமிக்க வைக்கும் வேலைதான், ஆனால் மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் அதன் பீசோ தசைகளை நாம் வீட்டில் செய்ய முடியாது. ஆகவே டெல்ஃப்ளை வழியிலேயே போகலாம்.

முதலில் கியர். ஒரு சுற்றுக்கு ஒரு சிறகடிப்பு, நொடிக்கு 17 சிறகடிப்பு என்றால் நிமிடத்துக்குச் சுமார் 1,000 சுற்று. சுமையோடு 22,500 சுற்று ஓடும் சிறு கோர்லெஸ் (நடுவில் இரும்பு இல்லாத) மோட்டாருக்கு 22.5-க்கு 1 குறைப்பு வேண்டும்: 8 பல்லிலிருந்து 40 பல், அடுத்து 10-லிருந்து 45. கிராங்க் (சுழற்சியை மேலும் கீழுமான அசைவாக மாற்றும் கை) ஒன்றே ஒன்று, அதே முனையிலிருந்து இரு பக்கமும் கம்பி என்று அமைத்தால் இடமும் வலமும் ஒரே நேரத்தில் மேலே வராது. உடல் ஒரு பக்கமாக உருளும். எதிரெதிராகச் சுழலும் இரண்டு சக்கரங்களுக்குத் தனித்தனி கிராங்க் கொடுத்தால் சரியாகும். இடது மேல் சிறகையும் வலது கீழ் சிறகையும் கத்தரிக்கோலின் ஒரு கைபோல் ஒரே குச்சியாக்கி, மற்ற இரண்டையும் இன்னொரு குச்சியாக்கினால் இன்னொரு லாபம் உண்டு: மேலே போகும் நிறையைக் கீழே வரும் நிறை சமன்செய்வதால் உடல் மேலும் கீழும் குலுங்குவது வெகுவாகக் குறையும்.

சிறகில்தான் எல்லாம் இருக்கிறது. 14 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 5 முதல் 10 மைக்ரான் மைலார் (மெல்லிய பாலியெஸ்டர் தாள்). முன்விளிம்புக்கு 0.8 மி.மீ. கார்பன் குச்சி, குறுக்கே சாய்வாக 0.3 மி.மீ. குச்சிகள் இரண்டு. மைலாரை மத்தளத் தோல்போல் இழுத்து ஒட்டாதீர்கள். இழுத்து ஒட்டினால் சிறகு முறுக்கிக்கொள்ளாது, காற்றைப் பின்னுக்குத் தள்ளாமல் சும்மா விசிறும். மோட்டார் சூடாவதுதான் மிச்சம். ரொம்பத் தளர்ந்தால் படபடவென்று சத்தம் மட்டும் வரும். விரலால் தொட்டால் லேசாகத் தொய்ந்து, பின்விளிம்பு முன்விளிம்புக்குப் பின்தங்கி வர வேண்டும். அப்போதுதான் சிறகுகள் வாழைப்பழத்தோல்போல் உரிந்து பிரியும்.

சிறகு உடலோடு சேரும் வேர்ப்பகுதியில் குச்சியை வெறும் சூப்பர் குளூவால் ஒட்டினால் அதிர்வில் சீக்கிரம் விரிசல் விடும். முதலில் நூலைச் சுற்றி, அதன் மேல் ஒரு சொட்டு விட வேண்டும்.

பறக்கவிடும் முன் உந்துவிசையை அளந்துவிடுங்கள். 0.1 கிராம் துல்லியமுள்ள தராசில், காற்று மேல்நோக்கி வீசும்படி தலைகீழாக நிறுத்துங்கள். காற்று தட்டில் பட்டால் அளவு பொய்யாகும். எண் ஆடும், அதனால் சராசரியைப் பாருங்கள். மொத்த எடையைவிடக் கால் பங்காவது கூடுதலாக இல்லாவிட்டால், பேட்டரி கொஞ்சம் இறங்கியதுமே விமானமும் இறங்கிவிடும். 180 எம்ஏஎச் ஒற்றை செல் லித்தியம் பாலிமரில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தி 5 நிமிடம் பறக்க வேண்டுமானால், சராசரி மின்னோட்டம் 1.7 ஆம்பியரைத் தாண்டக்கூடாது.

முதல் விமானத்துக்கு வால் வையுங்கள். சிறகின் காற்று வாலின் மேல் படுவதால் மெதுவாகப் போகும்போதும் அது தன்னால் நிமிர்ந்து நிற்கும். நிம்பிளுக்கு வால் இல்லை. தலை தூக்கவும் தாழ்த்தவும் சிறகு ஜோடிகளை முன்பின் நகர்த்துகிறது, பக்கவாட்டில் சாய ஒரு பக்கத்தை வேகமாக அடிக்கிறது, திரும்புவதற்குச் சிறகின் வேரைச் சாய்க்கிறது. இத்தனைக்கும் ஜைரோ (உடல் சுழலும் வேகத்தை அளக்கும் உணரி) விடாமல் வேலை செய்ய வேண்டும்.

ஜைரோவில்தான் அடுத்த தலைவலி. நொடிக்கு 17 முறை வரும் அதிர்வை விமானத்தின் அசைவு என்று அது நம்பிவிடும். வடிகட்டியைக் கடுமையாக்கினால் அதிர்வு மறையும், ஆனால் பதில் தாமதமாகி விமானம் ஊசலாடித் தலைகுப்புற விழும். அந்த அலைவெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி நல்லது, ஆனால் த்ராட்டில் (மோட்டாருக்குக் கொடுக்கும் விசை) மாறினால் சிறகடிப்பின் வேகமும் மாறும். வடிகட்டியும் கூடவே நகர வேண்டும். அதற்கு முன்னால், ஜைரோ இருக்கும் பலகைக்கு அடியில் மென்மையான ஃபோம் நாடா ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள்.