தொல் நாகரிகக் கேள்விக்கு ஆற்றின் மாதத்தைப் படியுங்கள்

எம்.ஏ. வரலாறு படிப்பவர்களுக்கு நதிக்கரை நாகரிகங்களில் புவியியலின் பங்கு பற்றிய கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்தே தீரும். 'ஆறு இருந்தது, மண் வளமாக இருந்தது, நாகரிகம் வளர்ந்தது' என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். வேலூர்க்காரர்களுக்காவது இந்தப் பதில் உறுத்த வேண்டும். நம் பாலாறும் ஆறுதான். பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கும்; 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் ஓடியது. அதனால் தண்ணீர் எந்த மாதம் வருகிறது என்பதிலிருந்துதான் நான் படிக்கத் தொடங்கினேன்.

ஒவ்வொரு நாகரிகத்துக்கும் ஒரு தாள். அதில் பன்னிரண்டு மாதக் கட்டம். வெள்ளத்துக்கு நீலம், விதைப்புக்குப் பச்சை, அறுவடைக்கு மஞ்சள். எத்தியோப்பிய மலை மழையால் நைல் ஜூலை வாக்கில் பெருகி, அக்டோபருக்குப் பிறகு வடியும். ஈர வண்டலில் அப்படியே விதைக்கலாம். எகிப்துத் தாளில் நீலம் முடிந்த இடத்தில் பச்சை தொடங்கும். மெசபடோமியத் தாளில் நீலம் மஞ்சள் மேலேயே ஏறிவிடும்! டைக்ரிஸும் யூப்ரடிஸும் மலைப்பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில் பெருகும்போது, பார்லி அறுப்புக்கு நிற்கும். விதைக்கும் காலத்திலோ ஆற்றில் தண்ணீர் குறைவு. கரை கட்ட வேண்டும், கால்வாய் வெட்ட வேண்டும், வருஷா வருஷம் தூர்வார வேண்டும். அவ்வளவு ஆட்களை வேலை வாங்கவும் தானியம் அளந்து கொடுக்கவும் கணக்கு வேண்டும். கோயிலும் களிமண் பலகை எழுத்தும் பதிலுக்குள் இங்கே தானாக வந்து நிற்கும். தெற்கு மெசபடோமியாவில் நல்ல கல்லும் மரமும் உலோகமும் இல்லை என்று சேர்த்தால் வணிகமும் வந்துவிடும். பாசன நிலத்தில் உப்பு பூத்ததையும் எழுதுங்கள். கோதுமையைவிட பார்லி உப்பைத் தாங்கும்.

நைலுக்கு இன்னொரு பாயிண்ட்: ஆறு வடக்கே ஓடுகிறது, காற்று தெற்கு நோக்கி வீசுகிறது. பாய் விரித்தால் எதிர்நீரோட்டத்திலும் போகலாம். எகிப்து ஒரே அரசாக நிலைத்ததற்கு இதுவும் காரணம்.

சரி, எல்லாமே புவியியல்தானா? குஜராத்தில் உள்ள சிந்துவெளி நகரமான தோலாவிராவைக் காட்டி மறுக்கலாம். அருகில் பேராறு இல்லை. மன்சார், மன்ஹார் என்ற இரண்டு மழைக்கால ஓடைகளைத் தடுத்து நீர்த்தேக்கங்களை நிரப்பினார்கள். அப்புறம் நம் பழைய வட ஆற்காட்டுப் பையம்பள்ளி: மெருகேற்றிய கல் கோடரி, வேளாண்மைச் சான்று, புதிய கற்காலம். அது நகரம் அல்ல, ஊர்தான். இரண்டு வரிக்கு மேல் இழுக்க வேண்டாம்.