இறக்கையை விட்டுக் கம்பியைப் பாருங்கள்

காற்றாலையில் வேலை என்று சொன்னால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார். காத்தாடி மழை மேகத்தை விரட்டிவிடுமா? பறவைகள் அடிபட்டுச் சாகுமாமே? முதல் கேள்விக்குச் சிரித்துவிட்டு ரசத்துக்குப் போய்விடலாம். இரண்டாவதை அப்படித் தள்ள முடியாது. சாகத்தான் செய்கின்றன. ஆனால் நான் பார்த்தவரை அதிகம் செத்தது அவர் நினைக்கிற இடத்தில் அல்ல, மின்கம்பியில்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, முப்பந்தலில் இருந்து ராதாபுரம் பக்கம் வரை பரவிக் கிடக்கும் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை எனக்கு. வைகாசியில் காற்று பிடித்தால் புரட்டாசி வரை சீசன். அந்த மாதங்களில் ஒரு மணி நேரம் மெஷின் நின்றாலும் ஆபீசில் இருந்து போன் வந்துவிடும்.

காத்தாடி இறக்கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே நின்று பார்த்தால் சோம்பேறித்தனமாகச் சுற்றுவதுபோல் தெரியும். 97 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டால் நுனியின் வேகம் மணிக்கு 270 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பருந்து பறக்கும்போது இரைக்காகக் கீழேயே பார்த்துக்கொண்டிருக்கும். இறக்கை வருவதோ மேலிருந்து. அதனால் பெரிய வேட்டைப் பறவைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் பொன்னாங்கழுகுகள் செத்தது உலகத்துக்கே தெரிந்த கதை. அங்கேயும் காற்று வருகிற வாசல் ஒரு கணவாய்தான் என்பதை நாங்கள் கவனிக்காமல் இல்லை.

"எங்க சைட்ல அப்படி ஒண்ணும் கிடையாது" என்று எங்கள் ஆட்கள் எல்லோருமே சொல்வார்கள். பொய் இல்லை, அவர்கள் கண்ணில் படவில்லை. ஆராய்ச்சிக்காக வந்த ஒரு மாணவி இதைக் கேட்டு மறுத்துப் பேசவில்லை. பண்ணையில் செத்துப்போன காடைகளைச் சிறகோடு வாங்கி வந்து, சாயங்காலம் டவர்களைச் சுற்றி முள்ளுக்குள்ளும் புல்லுக்குள்ளும் போட்டு, போட்ட இடத்தை எல்லாம் குறித்துக்கொண்டார். மறுநாள் காலையில் பாதிக்கு மேல் காணவில்லை. நாய், நரி, கீரி, காகம் என்று பங்காளிகள் பலர். ஒன்றிரண்டு இடத்தில் நாலைந்து சிறகு கிடந்தது, மற்ற இடத்தில் அதுவும் இல்லை. மிச்சம் கிடந்ததைத் தேடி எடுக்கச் சொன்னார். குறித்த இடம் தெரியாததால் எங்களுக்கு அதிலும் பாதிதான் கிடைத்தது. "அண்ணா, இப்ப சொல்லுங்க, ஒண்ணும் சாகலையா?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை.

சாவை மட்டும் எண்ணினால் போதாது என்பதையும் அவர்தான் சொன்னார். மகாராஷ்டிராவில் சதாரா பக்கம் சால்கேவாடி பீடபூமியில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. காற்றாலை உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகளின் எண்ணிக்கை, இல்லாத பகுதியில் இருப்பதில் ஏறக்குறைய கால்பங்குதான். பருந்து வராததால் ஓணான்கள் பெருகி, ஆள் கிட்டப் போனாலும் சட்டென்று ஓடாமல் உட்கார்ந்திருந்தனவாம். அடிபட்டு விழுந்த உடல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

சரி, கம்பிக்கு வருகிறேன்.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், காற்று அள்ளிக்கொண்டு போகிற நேரம், மெஷின்களின் கரண்டைக் கொண்டுபோகும் 33 கே.வி. ஃபீடர் லைன் ட்ரிப் ஆகித் தானாக நின்றுவிட்டது. ஒரே லைனில் இருந்த மெஷின்கள் வரிசையாக நின்றன. ஜீப்பை எடுத்துக்கொண்டு லைன் ஓரமாகப் போனோம். நானும் பழக்கதோஷத்தில் டவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். கூட வந்த லைன்மேன் அண்ணன், "ஏ தம்பி, மேல என்னத்தப் பாக்க, கீழ பாருடே" என்றார். டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தடியில் ஆண் மயில் ஒன்று கிடந்தது. தோகையில் ஒரு குறையும் இல்லை. ஒரு காலும் இறக்கையின் ஓரமும் மட்டும் கருகியிருந்தன. முடி பொசுங்கிய வாடை.

நடந்தது எளிது. மயில் உட்காரும் இரும்புச் சட்டம் எர்த்தோடு சேர்ந்தது. மேலே லைனையும் டிரான்ஸ்ஃபார்மரையும் இணைக்கும் ஜம்பர் கம்பி வெறுமனே, உறையில்லாமல் போகிறது. அந்தக் கம்பி வந்து சேரும் பீங்கான் புஷிங்கின் முனைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் டேங்குக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. காகத்துக்கே தட்டிவிடும் இடைவெளி, மயில் இறக்கையை விரித்தால் கேட்கவே வேண்டாம். அதன் உடல் வழியாகக் கரண்ட் எர்த்துக்கு இறங்கியது, பிரேக்கர் விழுந்தது. காத்தாடி இறக்கை அடித்துச் செத்ததாக நான் கண்ணால் கண்டதைவிட இப்படிக் கருகிக் கிடந்தவற்றைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்: மயில், ஆந்தை, பழந்தின்னி வௌவால், கரும்பருந்து. கம்பத்தடியில் நாங்கள் அடிக்கடி நடக்கிறோம், அதனால் கண்ணில் படுகிறது என்பதும் உண்மைதான். காடைப் பாடம் மறக்கவில்லை.

ராஜஸ்தான் தார் பாலைவனத்துக் கானமயிலின் கதையும் கம்பிக் கதைதான். பெயரில்தான் மயில், இது அழிவின் விளிம்பில் இருக்கும் வேறு பறவை. கனத்த உடம்பு, நேர் எதிரே சரியாகத் தெரியாத கண். கம்பி கிட்டே வந்துவிட்டால் திரும்ப முடியாது. உச்ச நீதிமன்றம் 2021இல் லைன்களைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னதும், 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்ததும் அதற்காகத்தான்.

மயில் செத்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை. அன்றைக்கு ஆள் வந்து, எழுதி முடித்து, உடலை எடுத்துப் போக வெகு நேரம் ஆனது. சாயங்காலம் மேனேஜரிடம் பறவைப் பாசம் எதுவும் பேசவில்லை. லைனில் 2 மெகாவாட் மெஷின் பத்து. முழு வீச்சில் ஓடியிருந்தால், லைன் நின்ற மூன்று மணி நேரத்துக்கு 60,000 யூனிட். அந்தக் கணக்கைத் தாளில் எழுதி, பக்கத்தில் ஜம்பருக்கு ரப்பர் உறையும் புஷிங்குக்கு மூடியும் போட என்ன செலவாகும் என்பதையும் எழுதி வைத்தேன். "இதை ஏன்யா முன்னாடியே யாரும் சொல்லல?" என்றார். சொல்ல இடமே இல்லையே. ட்ரிப் ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'எர்த் ஃபால்ட்' என்றுதான் எழுதுவோம். செத்தது மயிலா மரக்கிளையா என்பது எந்தப் படிவத்திலும் கிடையாது.

உறை போட்டோம். போட்ட கம்பங்களில் அந்த வகை ட்ரிப் குறைந்தது. மொத்த லைனுக்கும் போட இன்னும் பணம் ஒதுக்கப்படவில்லை.

இறக்கைக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். நார்வேயின் ஸ்மோலா தீவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்குக் கறுப்பு அடித்துப் பார்த்தார்கள். பறவைச் சாவு 70 சதவீதம் குறைந்ததாக 2020இல் எழுதினார்கள். எங்கள் கேன்டீனில் அதற்கு உடனே 'திருஷ்டிப் பொட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான்கே மெஷினில் செய்த சோதனை என்பதால் நான் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பேன். ஸ்பெயினின் தரிஃபாவில் செய்ததுதான் எனக்குப் பிடித்தது: ஆள் நின்று பார்க்கிறார், பிணந்தின்னிக் கழுகு நெருங்கினால் அந்த மெஷினை மட்டும் நிறுத்துகிறார்கள். சாவு பாதியானது, உற்பத்தி இழப்பு ஆண்டுக்கு 0.07 சதவீதம். எங்கள் பக்கம் கூந்தன்குளத்துக்கு வந்துபோகும் கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் இது பொருந்தும். அவை வரத்துவங்கும் மார்கழி, தை மாதங்களில் இங்கே காற்றும் குறைவு, நிறுத்தினால் நஷ்டமும் குறைவு.

இப்போது பழைய 225, 250 கிலோவாட் மெஷின்களைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்தலாம் என்று தமிழக அரசு 2024இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. பத்து டவர் நின்ற இடத்தில் ஒன்றிரண்டு வரும். அப்போது கம்பமும் கம்பியும் புதிதாகத்தான் இழுக்க வேண்டும். உறையிட்ட ஜம்பர், முடிந்த இடத்தில் பூமிக்கடியில் கேபிள், ட்ரிப் ரிப்போர்ட்டில் ஒரு கூடுதல் கட்டம். வரைபடம் போடுகிற மேசையில் இதைச் சேர்ப்பது சுலபம். கம்பம் நட்ட பிறகு ஒவ்வொன்றாக ஏறி மாட்டுவது எங்கள் தலையில் விழும், அதுவும் சீசன் இல்லாத மாதங்களில் லைனை நிறுத்த அனுமதி கிடைத்தால்.