விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி

வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட முதல் ஆண்டில், காவல் நிலையத்தில் அடிபட்டதாகச் சொல்லி வருவோரிடம் நடந்ததைக் கேட்டு எழுதும் வேலையை மூத்த வழக்கறிஞர் எனக்குக் கொடுத்திருந்தார். பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனால், அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஏ.ஆர். நகல் இருக்கிறதா?"

காயம் எப்படி ஏற்பட்டது என்று நோயாளி சொல்வதை அரசு மருத்துவர் எழுதிவைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது. ரிமாண்டுக்கு, அதாவது நீதிமன்றக் காவலுக்கு அனுப்பப்படும் முன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுபவர், அடித்த காவலரே பக்கத்தில் நிற்கையில், தானே விழுந்ததாகச் சொல்லாமல் வேறென்ன சொல்வார்? அடித்தார்களா என்று நீதித்துறை நடுவர் கேட்கும்போதும் இல்லையென்றே தலையசைக்கிறார். பிணையில் வெளிவந்து எங்களிடம் உண்மையைச் சொல்லும் நேரத்தில், அவருடைய சொல்லே அவருக்கு எதிரான ஆவணமாகியிருக்கிறது.

ஒரு கட்டடத் தொழிலாளியின் பதிவேட்டில் "கழிவறையில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்" என்றிருந்தது. புகார் கொடுத்தால் இன்னும் வழக்குகள் வரும் என்ற பயத்தில் அவர் பதின்மூன்று மாதம் கழித்தே எங்களிடம் வந்தார். நிகழ்வு நடந்து ஓராண்டு கடந்தால் மனித உரிமை ஆணையம் விசாரிக்க இயலாது என்கிறது மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு. ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்திருந்தும், அந்தக் கதவு அவருக்கு அடைபட்டுவிட்டது. இழப்பீடு கேட்டு உரிமையியல் (சிவில்) வழக்கென்றால் கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணமும் பல ஆண்டுக் காத்திருப்பும். கூலிக்காரரிடம் அதைச் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

சிறைக்குள் சேர்க்கும்போது சிறை மருத்துவர் எழுதிய குறிப்பைக் கேட்டு வாங்கச் சொன்னார் மூத்தவர். இரு உள்ளங்கால்களிலும் கன்றிய காயங்கள் என்று அதில் இருந்தது. வழுக்கி விழுந்தவருக்கு உள்ளங்காலில் எப்படி அடிபடும்? அந்த ஒரு வரியை வைத்து அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று நேரடியாக உயர் நீதிமன்றத்தில் முறையிடும் ரிட் மனுவை இழப்பீடு கேட்டுத் தயாரித்தோம். ஒடிசாவில் காவலில் இருந்த மகனின் உடல் ரயில் பாதையருகே கிடந்ததைத் தாய் நீலாபதி பெஹெரா கடிதமாக எழுத, அதையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், தப்பியோடி ரயிலில் அடிபட்டார் என்ற காவல்துறையின் கூற்றை நிராகரித்து 1993இல் ரூ.1,50,000 இழப்பீடு வழங்கியது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசு தன் இறையாண்மையைக் காட்டித் தப்ப முடியாது என்ற அந்தத் தீர்ப்பையே நாங்கள் நம்பியிருந்தோம்.

இப்போதெல்லாம் கைதான இரவிலேயே தகவல் வந்தால் நேராக மருத்துவமனைக்குப் போகிறேன். காவலரை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்கும்படி நடுவரிடம் வேண்டுகிறேன்.

மனுவுக்கான பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் அந்தக் கட்டடத் தொழிலாளி, "இந்தப் பணத்தை அவரு சம்பளத்துலேர்ந்து பிடிப்பாங்களா சார்?" என்று கேட்டார். அரசு கொடுத்துவிட்டு அடித்த காவலரிடம் வசூலிக்கும்படி உத்தரவு கேட்டிருக்கிறோம் என்றேன். அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துக்காட்டச் சொல்லி, கேட்ட பிறகே கையெழுத்திட்டார்.