சென்னையில் நல்ல காபி எங்கே?

பெரிய கம்பெனிக் கடைகளை விட்டுவிடுவோம். நம்ம ஊர்த் தனிக் கடைகளில் காபிக்கு என் ஓட்டு மயிலாப்பூர் அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸுக்குத்தான். இட்லி, கெட்டிச் சட்னி முடித்த கையோடு வரும் காபியில் டிகாக்ஷன் முன்னால் நிற்கும், பால் பின்னால்தான். கீழ மாட வீதி கற்பகாம்பாள் மெஸ்ஸில் காபி இன்னும் கொஞ்சம் இதம்; கபாலி கோயிலைச் சுற்றிவிட்டு வந்து உட்கார ஏற்ற இடம். 1948-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி ரத்னா கஃபேவில் சாம்பார் இட்லிதான் ராஜா. காபி அதற்கு நல்ல துணை, அவ்வளவே.

புதுக் கடை என்றால் நான் முதலில் பார்ப்பது டிகாக்ஷனை. ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கிய முதல் டிகாக்ஷனில் கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊற்றி, டபராவில் ஒரு ஆற்று ஆற்றினால் மணம் மூக்கில் ஏறும். காலையில் இறக்கியதை மாலையில் அடுப்பில் வைத்துச் சுடவைத்தால் கசப்புதான் மிஞ்சும். போன வாரம் ஒரு கடையில் அப்படித்தான் கொடுத்தார்கள். பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இவ்வளவு காபி குடிக்கிற ஊரில் இப்படிச் செய்யலாமா?

அப்புறம் சிக்கரி, காபித்தூளோடு கலக்கும் வேர்ப்பொடி. விதிப்படி 49 சதவீதம் வரை கலக்கலாம். நிறம் வரும், கெட்டி வரும், மணம் வராது. எனக்கு 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரிதான் சரி.

உங்கள் பேட்டையில் எந்தக் கடை? தெருப் பெயரோடு சொல்லுங்கள், கட்டாயம் போய்க் குடித்துப் பார்க்கிறேன்.