கரிக்குது தம்பி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளராக இருந்தேன். தொண்டிப் பக்கம், ஓடை கடலில் சேருகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம். இரும்பு உத்திரங்களில் துருவைச் சுரண்டி பெயின்ட் அடிக்க வேண்டும்.

கம்பி பிரஷ் போட்டு இரும்பு பளபளத்ததும் முதல் பூச்சான பிரைமரைத் திறக்கச் சொன்னேன். சாரத்தில் இருந்த பெயின்டர் அண்ணன், விரலை உத்திரத்தில் ஒரு இழு இழுத்து நாக்கில் வைத்தார்.

“கரிக்குது தம்பி. கழுவாம அடிச்சா நிக்காது.”

கண்ணுக்குத் தெரியாத உப்பு அது. மேலே பெயின்ட் அடித்துவிட்டால் அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் உள்ளே மாட்டிய உப்பு, பூச்சைத் தாண்டி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், ராமநாதபுரத்தில் அதற்கு எங்கே போவது? டேங்கர் ஒன்று வந்தது. பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். “பாலத்துக்கா தண்ணி?” என்று ஓர் அக்கா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பாதி உத்திரம் கழுவியதும் தண்ணீர் தீர்ந்துபோனது. இன்னொரு லோடுக்குக் காசில்லை, அடித்து முடி என்றார் முதலாளி. அடித்து முடித்தேன்.

கச்சான் காற்று ஓய்ந்தபின் போய்ப் பார்த்தால், கழுவாத பாதியில் அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள். பைக் சாவியால் ஒன்றைக் குத்தினேன். பழுப்புத் தண்ணீர் வடிந்தது.

கான்கிரீட்டிலும் இதே கதைதான், அங்கே மெதுவாக நடக்கும். உப்பு உள்ளே இருக்கும் கம்பிவரை போய்விட்டால் துரு ஊதும். இரும்பைவிட அது பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் வெடித்து உதிரும். எப்போதும் கடலுக்குள் நிற்கும் பகுதியைவிட, அலை தெறித்து நனைந்து காய்ந்து நனையும் பகுதிதான் சீக்கிரம் கெடும். சுத்தியலால் தட்டினால் தெரியும்: நல்ல இடம் ‘ணங்’ என்று ஒலிக்கும், உள்ளே பிரிந்த இடம் ‘பொத்’.

பாம்பன் பழைய ரயில் பாலத்தைத்தான் பாருங்களேன். 1914-ல் திறந்தது. 1964 புயல் உத்திரங்களில் பெரும்பாலானவற்றைக் கொண்டுபோனது, ஆனாலும் 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார்கள். அப்படிப்பட்ட பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்தது, நடுவே திறந்து மூடும் பகுதியில் ஏறிய அரிப்பு. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். சரி, அதையும் யாராவது போய்ப் பார்த்துக்கொண்டேதானே இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பராமரிப்பில் முக்கால்வாசி பில் போட முடியாத வேலை. பாலத் தளத்துத் தண்ணீர் வடியும் குழாயில் மணல் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்த ஐந்து நிமிடம் போதும். குத்தாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கி இணைப்பு வழியே இறங்கி, உத்திரத்தைத் தாங்கும் பேரிங் மேலேயே சொட்டும். எஸ்டிமேட்டில் இதற்கு ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பாலத்துக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டிவந்தது. அப்புறம் டேங்கர் வந்ததும் முதலில் குப்பத்துக் குடங்களை நிரப்பினோம். அதே அக்கா வந்திருந்தார், இந்த முறை எதுவும் கேட்கவில்லை. மிச்சத் தண்ணீரிலும் அடுத்த லோடிலும் உத்திரத்தை மேலிருந்து கீழ்வரை கழுவினோம். காய்ந்ததும் அண்ணன் விரலை இழுத்து நாக்கில் வைத்தார். ஒன்றும் பேசாமல் பிரைமர் டப்பாவைத் திறந்தார்.